ஒரு ஜெர்மன் டி.ஜே.யின் கெட்டிமேளம்

ஆக்லாந்துத் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். போன மலரில் ஒரு கணக்காளர் எழுதினார். அதற்கு முந்தியதில் ஓர் இதய மருத்துவர். அதற்கும் முந்தியதில், மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடுகளை வாங்கிப் பெயின்ட் அடித்து விற்றே ஓய்வு பெற்ற ஒருவர். "இந்த முறை கலைப் பகுதிக்கு ஆள் இல்லை அண்ணை. நீங்கள் ஜெர்மனியில பெரிய டி.ஜே.யாய் இருந்தனீங்களாமே" என்றார் மலர்க்குழுத் தம்பி.

ஒரு திருத்தத்துடன் தொடங்குகிறேன். ஜெர்மனியில் நான் சிறிய டி.ஜே. என் இசையும் சிறியது. அதன் பெயரே மினிமல் டெக்னோ. கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: கீழே ஒரே சீராக ஓர் அடி விழும். அதன் மேல் 'டிக்' என்று ஒரு சத்தம். எட்டு நிமிடம் இப்படியே போகும். ஐந்தாவது நிமிடத்தில் அந்த 'டிக்' காணாமல் போகும். அதுதான் பாட்டில் நடக்கும் சம்பவம். நான் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றை என் தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். மரியாதையாகக் கடைசிவரை இருந்து கேட்டாள். பிறகு, "அண்ணை, பாட்டு எப்ப தொடங்கும்?" என்றாள். அது முடிந்து சற்று நேரமாகியிருந்தது.

இந்தத் தொழிலுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இராணுவ முகாம் ஆனதால் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேறு பள்ளிக்கூடம் தேட எனக்கும் பெரிய அவசரம் இருக்கவில்லை. கொழும்பில் கொஞ்சக் காலம், பம்பாயில் கொஞ்சக் காலம் இருந்தேன். பிறகு மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லின், அங்கிருந்து மேற்கு. ஒரு பனிக்காலத்தைத் தொழிற்சாலை ஒன்றின் பின்னால் கிடந்த இரும்புக் கொள்கலனுக்குள் கழித்தேன். அதில் இடது காலின் கடைசி விரல் போனது. டி.ஜே.க்குக் கைவிரல்கள் இருந்தால் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொலோன் நகரத்தில் இத்தாலியர் ஒருவருடைய உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் ஊவே என்பவர் இசை செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டது; எனக்குக் கோப்பையைத் தவிர வேறு எதையாவது தூக்க வேண்டியிருந்தது.

ஊவேயைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வாய்த்த ஒரே பள்ளிக்கூடம் அவர்தான். உயரமான, மெலிந்த மனிதர். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். காலையில் தேநீர் ஊற்றி வைப்பார். மாலையில் அதைக் குடிப்பார். முதலில் முப்பது நாற்பது ஒலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு நிரப்புவார். பிறகு வேலை தொடங்கும். ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு சுண்டு சுண்டி "வெக்" என்பார். ஜெர்மன் மொழியில் அதற்கு 'எடுத்துவிடு' என்று அர்த்தம். நான் ஓர் ஒலியை எடுப்பேன். ஒரு மணி நேரம் யோசிப்பார். "வெக்." இன்னொன்று போகும். நாள் முடிவில் நான்கைந்து ஒலிகள் மிஞ்சும். ஆனால் மிஞ்சிய அந்த நான்கைக் கேட்கும்போது, எடுத்ததெல்லாம் அதற்குள் எங்கோ நிற்பது போல இருக்கும். இதில் நான் பகிடி விடவில்லை.

என் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிவபாதசுந்தரம் என்ற பெயர் விளம்பரத் தாளில் அடங்காது என்று முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் வெக். மிஞ்சியது 'பாத'. ஒரு கால்விரல் குறைந்தவனுக்கு அந்தப் பெயர். அந்தப் பகிடி எனக்கு மட்டுமே விளங்கியது.

அவர் எனக்குப் பழக்கிய முறை ஒன்றுதான். கூட்டம் எந்த அடியை எதிர்பார்க்கிறதோ அந்த அடியை எடு. மெதுவாகக் குறைக்காதே, மெதுவாகக் குறைப்பது மன்னிப்புக் கேட்பது. ஒரேயடியாக எடு, எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். அந்த அடியை அவர்களே அடிப்பார்கள். காலால் அடிப்பார்கள், கையால் அடிப்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் அடிக்கும்.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. சத்தம் இருக்கும்போது மனிதர்கள் கத்திப் பேசுவார்கள். சத்தத்தை எடுத்தால் கடைசியாகக் கத்திய சொல் உடுப்பில்லாமல் நடுவில் நிற்கும். ஒருமுறை ஒருவன், தான் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நண்பனின் காதில் கத்தினான். நான் ஒலியை எடுத்த நேரம் அது. அந்தச் செய்தி அறை முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. அறையில் அவன் மனைவியின் தங்கையும் இருந்தாள்.

இப்படி இருபது வருடங்களுக்கு மேல் ஓடியது. கொஞ்சப் பேருக்கு என்னைத் தெரியும். அவர்களில் பலருக்கு என்னைத் தவிர வேறு சோலி இருக்கவில்லை.

ரக்பி உலகக் கோப்பை இங்கே நடந்ததற்கு அடுத்த கோடையில், ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் நடக்கவிருந்த இசைவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்து இறங்கிய அன்று மேடை சேற்றுக்குள் இறங்கியது. விழாக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். மவுண்ட் ஆல்பர்ட்டில் தங்கை வீடு. கொஞ்ச நாள் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்றுதான் இருந்தேன். எனக்கு ஒரு குணம்: எந்த ஊரிலும் திரும்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை இருந்துவிடுவேன். ஆக்லாந்தில் இன்னும் கிடைக்கவில்லை.

வேலை கொடுத்தவர் சரசு அக்கா. ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர்; பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்ப்பார். நியூ லின்னில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை, ஒரு வெள்ளை வேன், இருபது ஸ்பீக்கர். கோயில், தேவாலயம், பிறந்தநாள், கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒலி வாடகைக்கு விடுவார். முதல் நாள் போனபோது, "பசியாறிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் "ஓம்" என்றேன். "என்னலா ஓம்? சாப்ட்டியான்னு கேட்டா மந்திரம் சொல்ற?" என்றார். எங்களுக்கிடையே மொழிப் பிரச்சினை அங்கே தொடங்கியது. நான் பழக்கதோஷத்தில் விரலைச் சுண்டி "வெக்" என்பேன். அவருக்கு அது 'வெக்கிறது' என்று கேட்கும். எடுக்கச் சொன்ன ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார். "நீதான லா வெக்கச் சொன்ன?" நான்கு வருடமாக இந்தச் சண்டை தீரவில்லை.

வாடிக்கையாளர்களிடம் என்னை, "ஜெர்மன் டி.ஜே. லா, ஒரிஜினல்" என்று விற்பார். வேன் கதவு திறந்து நான் இறங்கியதும் அவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் இன்னும் உள்ளே இருக்கிறாராக்கும் என்று.

இனி அந்தக் கல்யாணம். இதைத்தான் எழுத வந்தேன்.

பெண் தமிழ்நாடு. ஆறு வயதில் இங்கே வந்து மவுண்ட் ஆல்பர்ட் பள்ளிக்கூடங்களில் படித்தவள். பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை எங்கள் பக்கம், யாழ்ப்பாணம். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட, தகப்பனுடைய அக்கா பரமேஸ்வரி மாமிதான் அவனை வளர்த்து இந்த நாட்டுக்கும் கூட்டி வந்தவர். கல்யாணம் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை காலை. எங்களுக்கு வேலை ஐயருக்கு ஒரு மைக், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் பாட்டு. மேளமும் நாதஸ்வரமும் சிட்னியிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஆக்லாந்தில் பனிமூட்டம். விமானத்தைக் கிறைஸ்ட்சர்ச்சுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து அடுத்த விமானத்தில் இடம் சனிக்கிழமை மத்தியானம்தான். பெண்ணின் அம்மா வசந்தா, கையில் பூக்கூடையோடு மண்டப வாசலில் நின்று இந்தச் செய்தியைக் கேட்டார். பக்கத்தில் நின்ற சரசு அக்கா ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"இதுக்குப் போய் கவலைப்படுறீங்களே லா. எங்ககிட்ட ஜெர்மன் டி.ஜே. இருக்கான். எந்த மேளம் வேணும்னாலும் அடிப்பான்."

அந்த அம்மா கேட்டது கெட்டிமேளம். அக்கா விற்றது என்னை.

பதிவு செய்த கெட்டிமேளம் கணினியில் இருக்கிறது. அதில் சிரமம் இல்லை. சிரமம் மண்டபத்தின் பின்சுவரில் இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் இருபத்தோராம் பிறந்தநாளுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் முறையிட, மண்டபத்துக்காரர்கள் ஒரு பெட்டி பூட்டியிருந்தார்கள். கூரையில் அதற்கு ஒரு மைக். சத்தம் அளவாக இருந்தால் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. சிவப்பு சில செக்கன் நின்றால் மண்டபத்தின் மின்சாரத்தையே பெட்டி வெட்டிவிடும். திருப்பிக் கொடுக்கும் சாவி மண்டபப் பொறுப்பாளரிடம். அவர் சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவார்.

"மெதுவாகப் போட்டால் என்ன?" என்று கேட்டேன். கெட்டிமேளம் என்பது தாலி ஏறும்போது ஒரு சடங்குக்கு அடிப்பதுதானே என்ற எண்ணத்தில். வசந்தா அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கெட்டிமேளம் எதுக்குன்னு தெரியும்ல? அந்த நேரத்துல தும்மலோ, கெட்ட வார்த்தையோ காதுல விழக்கூடாதுன்னுதான. நாளைக்கு ஒருத்தங்க ஒரு வார்த்தை சொல்லப்போறாங்க."

"ஆர்?"

"மாப்பிள்ளையோட அத்தை. தாலி ஏறுற நேரத்துல எந்திரிச்சு நின்னு, நாங்க யாருன்னு சொல்லுவேன்னு நாலு வீட்ல சொல்லிருக்காங்க."

"யாரெண்டு சொல்லுறதில என்ன இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மா எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி தங்கள் சாதியின் பெயரைச் சொன்னார். அதைச் சொல்ல எங்கள் ஊரில் வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். மாமி எந்தச் சொல்லைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

"எனக்கும் அவ அப்பாவுக்கும் கேட்டுப் பழக்கம்தான் தம்பி. ஆனா அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. நாங்க சொல்லி வளக்கல. இருபத்தாறு வயசாச்சு, இதுவரைக்கும் ஒருத்தரும் அவகிட்ட சொன்னதில்ல. தமிழ்ல ஒரு வார்த்தை புதுசா காதுல விழுந்தா உடனே என்கிட்ட வந்து அர்த்தம் கேப்பா. சின்னதுலருந்து அப்படித்தான். மணவறையில வெச்சு இதுக்கு அர்த்தம் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவர் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மண்டபத்தில் நானும் அக்காவும் மட்டும். வேலை முறையாகத்தான் நடந்தது. மாமி உட்காரக்கூடிய இடம் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முதல் வரிசை. அக்காவை அங்கே நிறுத்தினேன். நான் மணவறையில் பெண் உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன். கெட்டிமேளத்தைப் பச்சையில் ஓடவிட்டு, "கத்துங்கோ அக்கா" என்றேன்.

"என்னா கத்துறது?"

"ஏதாவது."

"நாசி லெமாக்!" என்றார். தேங்காய்ப்பால் சோறு, சம்பலோடு தெளிவாக வந்து சேர்ந்தது.

மஞ்சளுக்கு ஏற்றினேன். "சார் குவே தியாவ்! கேக்குதா?"

"கேக்குது."

"ரோட்டி சானாய்!"

"கேக்குது, அக்கா."

"எனக்குப் பசிக்குது லா!"

சிவப்புக்கு ஏற்றியதும் எதுவும் கேட்கவில்லை. அக்கா வாயை அசைப்பது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று மண்டபம் இருண்டது. அன்று பொறுப்பாளர் வீட்டில் இருந்தார். வந்து சாவி போட்டுவிட்டு என்னைப் பார்த்தவிதம் நன்றாக இல்லை.

என் தொழிலில் இருந்த சரக்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அடி ஒலியை, அதாவது பேஸை, கூட்டினால் பெட்டி அவ்வளவாகக் கோபிக்காது. ஆனால் அடி ஒலி சொல்லை மறைக்காது. உட்கார்ந்திருக்கும் கதிரை அதிரும், சொல் அதன் மேல் ஏறி வந்துவிடும். நான் இருபது வருடம் செய்த இசையில் ஆட்கள் வசதியாகப் பேசிக்கொண்டு ஆடலாம் என்பதுதான் பெருமை. ஒரு சொல்லை மறைப்பதற்கு உலகத்திலேயே உதவாத இசை அது. தவிலும் நாதஸ்வரமும் கண்டுபிடித்தவர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிட முன்னே போயிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை மணவறைப் பூக்களுக்குப் பின்னால், பெண்ணின் காதுக்கு நேராக மறைத்து வைத்தோம். அவள் காதுக்கு மட்டும் பெரிய சத்தம், பெட்டிக்கு மஞ்சள். அவற்றைக் கூட்டிக் குறைக்கும் பிடி மணவறைக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா கையில். "பொண்ணுக்குக் கேக்காதுலா, அது போதும்" என்றார் அக்கா. எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்ட ஒரு சொல்லை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சாப்பாட்டுப் பந்தியில் ஆள் இல்லாமலா போகும்?

காலையில் மாமி நேரத்தோடு வந்தார். பச்சைக் காஞ்சிபுரம், நிமிர்ந்த முதுகு. நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஊரில எவடம்?"

"கனகாலம் ஜெர்மனி, மாமி."

"அதுக்கு முதல்?"

"கிழக்கு ஜெர்மனி."

"நான் கேட்டது அதில்லை."

"தெரியும் மாமி."

ஊரைச் சொன்னால் சாதி பிடிபடும் என்று கேட்டவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய் முதல் வரிசையில், நேற்று அக்கா நின்ற அதே இடத்தில் உட்கார்ந்தார். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டார். பேச வந்த ஆள் போலத்தான் இருந்தது.

சடங்கு நடந்தது. படம் மறைக்கும் என்று வீடியோக்காரர் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டார். அட்சதை போட அறுகரிசியைக் கையில் வைத்துக்கொண்டு சபை உட்கார்ந்திருந்தது. ஐயர் தாலியைக் கொடுத்துக் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். நான் ஓடவிட்டேன். மஞ்சள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் தாலி மூன்று முடிச்சு, போட்டால் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பொன்னில் செய்த தாலிக்கொடி. அதைப் பின்கழுத்தில் திருகாணி போட்டுப் பூட்ட வேண்டும். மாப்பிள்ளை துளையைத் தேடித் தடவினான். கூந்தலும் பூவும் குறுக்கே நின்றன. திருகாணி ஏறவில்லை. குழந்தை ஒன்று வீரிட்டது, யாரோ தாமும் கெட்டிமேளம் என்று கூவினார்கள், பின்சுவரில் சிவப்பு எரிந்தது.

மாமி எழுந்தார்.

உட்கார்ந்திருந்த சபையில் அவர் ஒருவர்தான் நின்றார். வசந்தா அம்மா மணவறைப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். சத்தத்தைக் குறைத்தால் மாமியின் குரல் தெளிவாகக் கேட்கும். குறைக்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்று செக்கனில் பெட்டி வெட்டும், அதற்குப் பிறகும் மாமியின் குரல்தான். மாமி மூச்சை இழுத்தார், வாய் திறந்தது.

துணிச்சல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவருடைய சொல் புறப்படுவதற்கு முந்திய அடியில், எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்தேன். அக்காவைப் பார்த்து விரலைச் சுண்டி, "வெக்" என்று வாயசைத்தேன். நான்கு வருடத்தில் முதல்தடவையாக அக்கா அதை ஜெர்மன் மொழியில் புரிந்துகொண்டார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அழுத குழந்தைகூட என்ன நடந்தது என்று பார்க்க நிறுத்திவிட்டது. அத்தனை தலையும் திரும்பி, நிற்கும் ஒரே ஆளைப் பார்த்தன. மாப்பிள்ளையும் பார்த்தான். கொடி பெண்ணின் கழுத்தில், திருகாணி அவன் விரலில். தான் வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் தாலி ஏறும்போது மேளம் நின்றுவிட்டது என்பது மாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் ஊரில் கிடையாது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"கெட்டிமேளம்!" என்று மாமி கத்தினார். "கெட்டிமேளம்! என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்? தாலி ஏறுது! அடியுங்கோவன்!"

அடிக்க மேளக்காரர் இல்லை. மாமி முன்னாலிருந்த பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் இரண்டு உள்ளங்கையாலும் அடிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண் வீட்டுப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். அதை முன்பின் கேட்டிராத எங்கள் ஆட்கள் பயந்துபோய் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அக்கா ஸ்பீக்கர் பெட்டியைத் தவிலாக்கினார். ஐயர் மணியை விடாமல் ஆட்டினார். கதிரை, காலடி, கை, தொண்டை எல்லாம் ஒரே அடியில் விழுந்தன. கொலோனில் இப்படி ஒரு கூட்டம் எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. திருகாணி ஏறியது.

பெட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு மின்சாரத்தை வெட்டியது. யாரும் கவனிக்கவில்லை. வெட்டுவதற்கு மின்சாரத்தில் ஓடும் சத்தம் எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

மாமி அந்தச் சொல்லைச் சொல்லத்தான் எழுந்தாரா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாய் திறந்திருந்தது, அதுவரைக்கும்தான் நான் சாட்சி. அறுகரிசி போட்டு முடிந்ததும் அவர் மேசைக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"மிஷின் பழுதோ தம்பி?"

"இல்லை மாமி. நான்தான் நிப்பாட்டினான்."

"தாலி ஏறேக்கையோ? உமக்கு ஒருத்தரும் பழக்கேல்லையோ?"

"பழக்கினது ஒரு வெள்ளைக்காரன், மாமி."

"அதுதான்" என்றார். போகத் திரும்பியவர் நின்று, "பெட்டை வடிவாய்த்தான் இருக்கிறாள்" என்று எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அடுத்த வாரம் ஊவேக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். கெட்டிமேளம் என்றால் என்ன, தாலி என்றால் என்ன, சாதி என்றால் என்ன என்று விளக்கவே பாதி நேரம் போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை அடி நேரம் சத்தமில்லாமல் விட்டாய்?" என்றார். எண்ணவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் வேலை செய்தேன். வலது காதில் நீர் கொதிக்கும் கேத்தல் ஒன்று இரைச்சலோடு குடிவந்துவிட்டது; நான் எடுக்க முடியாத ஒரே ஒலி அது. இப்போது அக்காவின் கொட்டகையை வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். கல்யாணங்களுக்குப் பதிவு செய்த கெட்டிமேளத்தைத் தொலைபேசியிலிருந்தே போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றைய கதையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. மின்சாரம் இல்லாததால் எனக்குச் சாப்பாட்டு நேரப் பாட்டு வேலையும் இல்லை. பூக்களுக்குப் பின்னால் குந்தியிருந்து, அந்தச் சின்ன ஸ்பீக்கர்களின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் பெண்ணும் தாயும் நின்றது எனக்குத் தெரியும். நான் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பெண் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி எழுந்து நின்னு கத்தினாங்களே, வாட் டஸ் இட் மீன்?"

நான் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினேன்.

"எதைக் கேக்குற?"

"அதுதான்மா. கெட்டிமேளம்."

அந்த அம்மா மகளை உட்காரவைத்தார். கெட்டி என்றால் என்ன, மேளம் என்றால் என்ன, யார் வாசிப்பார்கள், எந்த நேரத்தில், எதற்காக என்று ஒவ்வொன்றாக, ஒன்றையும் எடுக்காமல், நீளமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.